எடுப்பதும் வைப்பதும்

காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் மாலை நேரத்தில் கணக்கு அறைகளில் வழக்கமாக எழும் கேள்வி ஒன்று உண்டு: “பேக்கப் எடுத்தாச்சா?” “எடுத்தாச்சு” என்று பதில் வந்தால் பேச்சு அதோடு முடிந்துவிடும். எடுத்ததை எங்கே வைத்தார்கள், யார் பொறுப்பில் இருக்கிறது, கடைசியாக எப்போது திறந்து பார்த்தார்கள் என்ற கேள்விகள் தொடர்வது அபூர்வம். நம் பேச்சே அப்படி அமைந்திருக்கிறது. படி எடுக்கிறோம், நகல் எடுக்கிறோம், ஜெராக்ஸ் எடுக்கிறோம், பேக்கப்பும் எடுக்கிறோம். எடுத்ததுமே வேலை முடிந்த நிம்மதி வந்துவிடுகிறது. வைப்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமில்லை. ஆனால் திருவள்ளூர் வட்டாரத்திலும் தமிழ்நாட்டின் பிற பகுதிகளிலும் ஆயிரம் ஆண்டுகளாக ஆவணங்கள் பிழைத்ததையும் அழிந்ததையும் வரிசையாகப் பார்த்தால், பிழைத்தவை படியெடுக்கப்பட்டதால் மட்டும் பிழைக்கவில்லை என்பது தெரிகிறது. எடுத்த படி வேறொரு இடத்தில், வேறொருவர் கையில், முடிந்தால் வேறொரு பொருளில் வைக்கப்பட்டதால் பிழைத்தன. இன்னொன்றும் தெரிகிறது. படியெடுக்கும் கருவி எளிதாக ஆக ஆக, படி மூலத்தை நெருங்கி வந்துகொண்டே இருந்திருக்கிறது. இன்று ஒரு சிறு தொழிற்கூடத்தின் கணக்கும் வரைபடங்களும் ஒரே இரவில் காணாமல் போக முடிகிறது என்றால், அந்த நெருக்கமே காரணம் என்று கருதுகிறேன்.

இதற்கான முதல் சான்று காக்களூரிலிருந்து வெகு தொலைவில் இல்லை. திருவள்ளூரிலிருந்து அரக்கோணம் போகும் ரயில் பாதையில் இருக்கும் திருவாலங்காட்டில் 1905இல் ஒரு செப்பேட்டுத் தொகுதி கிடைத்தது. மொத்தம் 31 ஏடுகள். ஒரு செப்பு வளையத்தில் கோக்கப்பட்டு, வளையத்தின் மூட்டில் சோழ முத்திரை பதிக்கப்பட்டவை. பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு முதலாம் இராசேந்திரன் தன் ஆறாம் ஆட்சியாண்டில், அதாவது 1018ஐ ஒட்டி, கொடுத்த செய்தியை அவை சொல்கின்றன. சோழர் குலவரலாறு சொல்லும் வடமொழிப் பகுதிக்காகவே இந்த ஏடுகள் பெரும்பாலும் பேசப்படுகின்றன. நமக்கு வேண்டியது தமிழ்ப் பகுதி. ஒரு கொடையாணை எத்தனை கைகள் மாறி எத்தனை இடங்களில் பதிவானது என்பதைச் சோழர் செப்பேடுகளின் தமிழ்ப் பகுதிகள் படிப்படியாகச் சொல்கின்றன. அரசன் வாயால் சொன்னதைத் திருமந்திர ஓலை எழுதுபவர் ஓலையில் இறக்குகிறார். திருமந்திர ஓலை நாயகம் அதைச் சரிபார்க்கிறார். புரவுவரி அதிகாரிகள் வரிப்பொத்தகத்தில் ஏற்றுகிறார்கள். படித்துக் காட்டியவர், ஏற்றியவர், உடனிருந்தவர் என்று பெயர்கள் நீள்கின்றன. நாட்டாருக்குத் திருமுகம் போகிறது. அவர்கள் பிடியானையை எல்லை சுற்றி நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு, தங்கள் பங்குக்கு அறவோலை எழுதிக் கொடுக்கிறார்கள். செம்பில் வெட்டுவது இதற்கெல்லாம் பிறகு வருவது. திருவாலங்காட்டு ஏடுகளின் வடமொழிப் பகுதி இராசேந்திரனின் கங்கைப் படையெடுப்பையும் கடாரத்தையும் பேசுவதால், ஆணை பிறந்ததற்கும் அது செம்பேறியதற்கும் நடுவே சில ஆண்டுகள் இருந்திருக்க வேண்டும். அந்த இடைக்காலம் முழுவதும் கொடை ஓலைகளில்தான் உயிரோடு இருந்தது.

ஆக, ஒரே செய்தி குறைந்தது நான்கு இடங்களில் இருந்தது: அரண்மனையின் ஓலையில், வரித்துறையின் பொத்தகத்தில், நாட்டாரிடம், கோயிலின் செம்பில். இவற்றில் மூலம் என்று சொல்லத்தக்கவை அரசு அலுவலகங்களில் இருந்த ஓலைகள். சோழர் அலுவலகத்து ஓலைப் பொத்தகம் ஒன்றுகூட நம் கைக்கு வரவில்லை. கரையானும் ஈரமும் போரும் பங்கு போட்டு அவற்றைத் தின்றுவிட்டன. பழையனூர்க் கொடையை இன்று நாம் அறிவது, தலைநகரிலிருந்து வெகுதூரம் தள்ளி, ஓலையல்லாத ஒரு பொருளில், அரசு அலுவலர் அல்லாத ஒரு தரப்பிடம் வைக்கப்பட்ட கடைசிப் படியால்தான். அந்த வளையத்தைக் கவனித்துப் பார்க்க வேண்டும். முத்திரையிட்ட மூட்டை உடைக்காமல், அல்லது வளையத்தை அறுக்காமல், இடையில் ஒரு ஏட்டை உருவ முடியாது. புதிதாக ஒன்றைச் செருகவும் முடியாது. அறுத்தால் அறுத்தது தெரியும். எழுதியபின் எவராலும், எழுதியவராலும்கூட, மாற்ற முடியாதபடி பூட்டிவைக்கும் சேமிப்பை இன்றைய பேக்கப் மென்பொருள்கள் ஒரு தனிச் சிறப்பாக விளம்பரம் செய்கின்றன. அதே தேவையை இங்கே ஒரு கம்மாளர் ஒரு வளையத்தாலும் ஒரு முத்திரையாலும் தீர்த்திருக்கிறார்.

செப்பேடு கோயிலின் உரிமைப் பத்திரம், அதை பேக்கப் என்று அழைப்பது இன்றைய சொல்லை அன்றைய காலத்தின் மேல் ஒட்டுவது என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. கொடை பெற்றவர் கையில் கொடுக்கப்படும் பத்திரம் உரிமையைக் காட்டவே எழுதப்பட்டது. ஓலைகள் அழியும் என்று எதிர்பார்த்து எழுதப்பட்டது என்று திருவாலங்காட்டை மட்டும் வைத்து நிறுவ முடியாது. ஆனால் அந்தக் காலத்தவருக்கு இழப்பை எதிர்பார்த்துப் படியெடுக்கும் எண்ணமும், பின்னால் அதை மீண்டும் பழைய இடத்தில் ஏற்றும் எண்ணமும் தெளிவாகவே இருந்தன. சான்று கொள்ளிடக் கரையிலுள்ள திருமழபாடியில் இருக்கிறது. அங்கே வைத்தியநாதர் கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்ட முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், 1013ஐ ஒட்டி, ஆணையிட்டான். சுவரைப் பிரிக்கும் முன் அதிலிருந்த கல்வெட்டுகளை எல்லாம் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அந்த ஏற்பாட்டில் அடங்கியிருந்தது. கோயில் எழும்பி முடிந்தபின், இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், 1026ஐ ஒட்டி, அந்தப் படிகள் புதுச் சுவரில் மறுபடி வெட்டப்பட்டன. நடுவே சுமார் 13 ஆண்டுகள்; ஆட்சியும் மாறிவிட்டது. ஆணையிட்டவன் இறந்துபோனான், மகன் அரசனானான், ஆனாலும் படி காணாமல் போகவில்லை. அதைப் பத்திரமாக வைத்திருந்த ஓர் இடமும், அது எதற்காக வைக்கப்பட்டிருக்கிறது என்பதை நினைவில் வைத்திருந்த பொறுப்பாளரும் இருந்திருந்தால்தான் இது நடக்கும். அந்தப் புத்தகங்கள் பின்னால் அழிந்தன, சுவர் நிற்கிறது. படியெடுத்தது மட்டுமே நடந்து, மறுபடி வெட்டுவது நடக்காமல் போயிருந்தால், இராசராசனுக்கு முந்தைய அந்த எழுத்துகள் இரண்டு முறை அழிந்திருக்கும்.

வைப்பது என்றால் பூட்டிவைப்பது அல்ல என்பதற்கும் நம் மரபில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதை உண்டு. தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறையில் மூவர் கையடையாளத்தோடு பூட்டப்பட்டிருந்ததாகவும், இராசராசனும் நம்பியாண்டார் நம்பியும் திறக்கச் செய்தபோது புற்று மூடிக் கிடந்ததாகவும், எஞ்சியவற்றைத் தொகுத்ததாகவும் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. இதை வரலாறாக நிறுவ எனக்கு எண்ணமில்லை. ஆனால் பூட்டு பலமாக இருந்தும் உள்ளே இருந்தது கரைந்துபோன ஒரு கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த சமூகத்துக்கு, திறந்து பார்க்கப்படாத சேமிப்பின் ஆபத்து நன்றாகத் தெரிந்திருக்கிறது. இதற்கு மறுபக்கமாக ஒரு உறுதியான செய்தியும் உண்டு. ஓலைச்சுவடிகள் எதிலும் இல்லாத சம்பந்தர் பதிகம் ஒன்று, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவாரூர் மாவட்டத்துத் திருவிடைவாய்க் கோயில் கல்வெட்டில் கிடைத்தது. சுவடி மரபு முழுவதும் தவறவிட்டதைக் கல் வைத்திருந்தது. ஒரே பதிகத்துக்கு நூறு ஓலைப்படிகள் இருந்தாலும், எல்லாம் ஓலையாக இருக்கும்வரை கரையானுக்கு அவை ஒரே தீனிதான். உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து சேர்த்த சுவடிகளும் இதையே வேறு விதத்தில் காட்டுகின்றன. ஒரு நூலின் படிகள் தொடர்பில்லாத மடங்களிலும் வீடுகளிலும் தனித்தனியே கிடந்ததால்தான் அவற்றை ஒப்பிட்டு, எது ஏடெழுதியவர் பிழை, எது பாடம் என்று அவரால் பிரித்தறிய முடிந்தது. ஒரே ஏட்டைப் பார்த்து அடுத்தடுத்து எழுதிய பத்துப் படிகள் இருந்தால், அதிலுள்ள பிழையும் பத்து முறை பத்திரமாக இருக்கும்.

தொழிற்பேட்டைகளின் காலத்துக்கு வருவோம். கிண்டித் தொழிற்பேட்டை 1958இல் தொடங்கியது, பிறகு அம்பத்தூர், 1970இல் தமிழ்நாடு சிறுதொழில் வளர்ச்சிக் கழகமான சிட்கோ உருவானது. காக்களூர் பேட்டை அந்த வழியில் வந்தது. கும்மிடிப்பூண்டியில் பெரிய ஆலைகளுக்கான சிப்காட் வளாகம் எழுந்தது. இந்தப் பேட்டைகளின் ஆவண வாழ்க்கை நெடுங்காலம் தாளில்தான் நடந்தது. தாளில் படியெடுப்பது சிரமம். அந்தச் சிரமமே படிக்கு ஒரு மதிப்பைக் கொடுத்து, அதை வைக்க ஓர் இடத்தையும் தேட வைத்தது. ஓர் உதிரிபாகத்தின் வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். மூலப்படம் ட்ரேசிங் தாளில் மையால் வரையப்பட்டிருக்கும். அதைப் பூச்சுத் தாளின் மேல் வைத்து வெளிச்சம் காட்டி, அம்மோனியா ஆவியில் விட்டால், கண்ணைக் கரிக்கும் நெடியோடு நீலக் கோடுகள் எழும் பிரிண்ட் வரும். கடைசல் இயந்திரத்தின் பக்கத்தில் எண்ணெய்க் கறையோடு தொங்குவது அந்த பிரிண்ட். மூலம் வரைபட அறையின் தட்டையான இழுப்பறையை விட்டு வெளியே வராது. பிரிண்ட் கிழியலாம், வெயிலில் வெளுக்கலாம், இன்னொன்று போட்டுக்கொள்வார்கள். வேலை செய்யும் இடமும் வைத்திருக்கும் இடமும் ஒரு கட்டடத்துக்குள்ளேயே என்றாலும் இரண்டாகப் பிரிந்திருந்தன. இழுப்பறையின் சாவியும் கடைசல்காரரிடம் இருக்காது.

கணக்கில் இந்தப் பிரிவைச் சட்டமே செய்துவைத்தது. 2002ஆம் ஆண்டின் மத்திய கலால் விதிகள்படி சரக்கு வெளியே போகும்போது இன்வாய்ஸ் மூன்று படி: முதல் படி வாங்குபவருக்கு, இரண்டாவது லாரிக்காரருக்கு, மூன்றாவது ஆலைக்கு. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோதும் சரக்குக்கான இன்வாய்ஸ் மூன்று படியாகவே நீடித்தது. கார்பன் தாள் வைத்து அழுத்தி எழுதும் அந்த பில் புத்தகத்தில் மூன்றாவது படியின் எழுத்து மங்கலாகத்தான் விழும். ஆனால் முதல் படி ஹோசூரிலோ புனேயிலோ வாங்கியவர் கோப்பில் இருக்கிறது. காக்களூர் ஆலையில் எல்லாம் நனைந்துபோனாலும், கேட்டு வாங்கி அந்த மாதக் கணக்கை மறுபடி எழுதிவிட முடியும். எழுதும் செயலே படியை வேறு கைக்கு அனுப்பிவிட்டது. வரி ஏய்ப்பைத் தடுக்கப் பிறந்த விதி அது. காப்பு அதன் உபபலன். இராசேந்திரனின் வரிப்பொத்தகத்தைப் பற்றியும் இதையே சொல்லலாம். தங்களைக் காத்துக்கொள்ள நினைக்காத இடத்தில்கூட, பல கைகளில் பதிவு இருக்க வேண்டும் என்ற நிர்வாக ஒழுங்கு அவர்களைக் காத்திருக்கிறது.

கணினி வந்தபோது இந்த ஒழுங்கு சத்தமில்லாமல் கலைந்தது. தொடக்கத்தில் 1.44 எம்பி பிளாப்பி. கணக்கு மென்பொருளின் தரவை நாலைந்து பிளாப்பிகளில் இறக்கி, தேதி எழுதி, பெட்டியில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போகும் பழக்கம் பல முதலாளிகளிடம் இருந்தது. பிளாப்பி நம்ப முடியாத பொருள். அதனாலேயே இரண்டு செட் எடுத்தார்கள், அடிக்கடி போட்டும் பார்த்தார்கள். பிறகு 700 எம்பி சிடி, பிறகு பென் டிரைவ், பிறகு மேசையிலேயே கேபிளோடு கிடக்கும் ஹார்ட் டிஸ்க். ஒவ்வொரு படியிலும் கொள்ளளவு கூடியது, நேரம் குறைந்தது, படியும் மூலத்தை ஓர் அடி நெருங்கியது. ‘டி டிரைவில் பேக்கப் இருக்கிறது’ என்று சொல்லும் இடங்கள் இன்றும் ஏராளம். ‘சி’யும் ‘டி’யும் ஒரே தகட்டின் இரண்டு பாகங்கள் என்பது, அந்தத் தகடு சுழல மறுக்கும் நாளில்தான் பலருக்குத் தெரியவருகிறது. கொஞ்சம் பெரிய கூடங்களில் சர்வரிலேயே இரண்டு டிஸ்க் ஒன்றின் எழுத்தை மற்றொன்றும் எழுதும் ரெய்டு ஏற்பாடு இருக்கும். 1988இல் பெர்க்லி ஆய்வாளர்கள் மூவர் அதை முறைப்படுத்தி எழுதினார்கள். ஒரு டிஸ்க் செத்தால் வேலை நிற்காமல் ஓட அது அருமையான வழி. அதன் நோக்கமும் அதுதான். ஊழியர் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் இரண்டு டிஸ்க்கும் அதே நொடியில் அழித்துவிடும். இருவர் ஒரே ஏட்டில் ஒரே நேரத்தில் எழுதுவதை இரண்டு படி என்று திருமந்திர ஓலை நாயகம் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

இந்த நெருக்கத்தின் விலை 2017இல் உலகத்துக்கே தெரிந்தது. ஜூன் மாதம் நாட்பெட்யா என்ற தீநிரல் மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கணினிகளைச் சில மணி நேரத்தில் முடக்கியது; மும்பைக்கு அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அதன் குழுமம் நடத்திய சரக்கு முனையமும் நின்றுபோனது. யார் எந்தக் கணினியில் நுழையலாம் என்பதை நிர்ணயிக்கும் சர்வர்கள் அந்நிறுவனத்துக்கு உலகெங்கும் 150 அளவில் இருந்தன. ஒவ்வொன்றும் மற்றவற்றின் படி. ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது என்ற நம்பிக்கை. எல்லாம் எப்போதும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்ததால் எல்லாம் ஒன்றாகவே அழிந்தன. பிழைத்தது ஒன்றே ஒன்று, கானா நாட்டு அலுவலகத்தில் இருந்தது. தாக்குதலுக்குச் சற்று முன் அங்கே கரண்ட் போயிருந்தது. அந்த டிஸ்க்கில் இருந்ததை இணையம் வழியாக அனுப்பினால் நாட்கணக்கில் ஆகும் என்பதால், கையில் எடுத்துவர முடிவு செய்தார்கள். கானா ஊழியர்களிடம் பிரிட்டன் விசா இல்லை. ஒருவர் நைஜீரியா வரை பறந்து, விமான நிலையத்தில் இன்னொருவரிடம் ஒப்படைக்க, அவர் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். மின்வெட்டு தற்செயலாகச் செய்துகொடுத்த விலகல் அது. இதே விலகல் திட்டமிட்டு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையைப் பார்க்கலாம். 2022 நவம்பர் 23 அன்று ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்து நோயாளிகளின் பதிவுகள் மீட்கப்பட்டன. வேலைகள் பெரும்பாலும் சீராக இரண்டு வாரம் ஆனது. ஆனாலும் பதிவுகள் மிஞ்சின.

‘இப்போது எல்லாம் க்ளவுடில் இருக்கிறதே, அது காக்களூரிலிருந்து விலகித்தானே இருக்கிறது’ என்பது இன்று மிகுதியாகக் கேட்கும் பதில். இடம் விலகியிருக்கிறது என்பது உண்மை. ஆனால் அலுவலகக் கணினியின் ஃபோல்டரை அப்படியே பிரதிபலிக்கும் சேவைகள் அங்கே அழிந்ததையும் பிரதிபலிக்கும். சில நாட்களுக்குப் பழைய பதிப்புகளை வைத்திருக்கும் வசதி உண்டு. அது எத்தனை நாள் என்று பார்த்து வைத்திருப்பவர்கள் குறைவு. அதைவிட முக்கியமானது கை. கணக்குப் பிள்ளையின் கணினியில் நுழையும் அதே பாஸ்வேர்டு க்ளவுடையும் திறக்குமானால், திருடனுக்கு இரண்டும் ஒரே வீடு. இடமும் எப்போதும் நாம் நினைப்பதுபோல் விலகியிருப்பதில்லை. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று எரிந்தது. பேக்கப்புக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்த வாடிக்கையாளர்கள் சிலர், தங்கள் படியும் மூலம் இருந்த அதே வளாகத்தில் வைக்கப்பட்டிருந்ததை அதன் பிறகே அறிந்தார்கள். நெருப்பு நமக்கு வெளிநாட்டுச் செய்தி அல்ல. 2024 மே மாத இறுதியில் காக்களூர் பேட்டையிலேயே ஒரு பெயிண்ட் ஆலை எரிந்து உயிர்கள் போயின. அந்த உயிர்களின் முன் கணக்கும் கணினியும் பேச்சே அல்ல. ஆனால் பூச்சு, கரைப்பான், பிளாஸ்டிக் என்று எரியக்கூடிய சரக்கோடு அடுத்தடுத்துக் கூடங்கள் நிற்கும் இடத்தில், பக்கத்து ஷெட்டின் நெருப்பு நம் அலுவலக அறைக்கு வர நேரம் ஆகாது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்த மாவட்டத்தைத் தண்ணீர் சூழ்ந்தது. தரைத்தளத்தில் மேசைக்கு அடியில் வைத்த சர்வரும் அதன் தலையில் வைத்த டிஸ்க்கும் ஒரே முழங்கால் அளவுத் தண்ணீரில் நனையும்.

செலவைச் சொல்லி மறுப்பவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிறுதொழிலில் அது உண்மையான கவலை. பெரிய ஆலைகளுக்கு டேப் நூலகமும் இரண்டாவது தரவு மையமும் உண்டு. பத்துப் பேர் வேலை செய்யும் கூடத்துக்கு அது கட்டாது. ஆனால் அந்தக் கூடத்தில் இழக்கவே கூடாதது எவ்வளவு? கணக்குத் தரவு, வரைபடங்கள், சிஎன்சி நிரல்கள், வாடிக்கையாளருக்குக் கொடுத்த தரச் சான்றுகள். பெரும்பாலான இடங்களில் இவை ஒரு சிறிய டிஸ்க்கில் அடங்கிவிடும். வீடியோவும் சிசிடிவியும்தான் இடத்தை அடைக்கின்றன. எது வேண்டும் என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் பேக்கப் எடுக்கப் போவதால்தான் டிஸ்க் நிரம்பி, ஒருநாள் மென்பொருள் எழுத இடமில்லாமல் நின்றுபோய், அந்த எச்சரிக்கையும் யாரும் திறக்காத மின்னஞ்சலுக்குப் போய்ச் சேர்கிறது. அளவைக் காரணம் காட்டி விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தென்கொரியா சாட்சி. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜோன் நகரத்து அரசுத் தரவு மையத்தில் பிடித்த தீயில், அரசு ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகள் போயின. பேக்கப் எடுக்க முடியாத அளவு பெரியது என்று அதற்கு மட்டும் வெளிப்படி வைக்காமல் விட்டிருந்தார்கள்.

மாற்றி மாற்றி வைக்க மூன்று டிஸ்க் போதும். இந்தத் தொழிலில் ‘தாத்தா, அப்பா, மகன்’ என்று ஒரு பழைய சுழற்சி முறை உண்டு. அன்றாடப் படி மகன். வாரப் படி அப்பா. மாதப் படி தாத்தா. மகன்கள் தினமும் ஒருவர் மேல் ஒருவராக எழுதப்பட்டு மறைவார்கள், தாத்தா மட்டும் தொடப்படாமல் இருப்பார். இதன் அருமை ரான்சம்வேர் காலத்தில் கூடிவிட்டது. தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்கள் உள்ளே நுழைந்த அன்றே வேலை காட்டுவதில்லை. வாரக்கணக்கில் சும்மா இருந்துவிட்டுப் பிறகு பூட்டுகின்றன. ஏழு நாள் படி மட்டும் வைத்திருப்பவரிடம் உள்ள ஏழிலும் அந்த விஷம் இருக்கும். கேபிளைக் கழற்றி, வேறொரு தெருவில் உள்ள வீட்டு அலமாரியில் வைத்த போன மாத டிஸ்க்கை அதனால் தொட முடியாது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. இடத்தை மிச்சப்படுத்த வாரம் ஒருமுறை முழுப் படியும் மற்ற நாட்களில் மாறியதை மட்டுமுமாக மென்பொருள் எடுக்கும். செவ்வாய்க்கிழமைத் துண்டு கெட்டால் புதன், வியாழன் துண்டுகளும் பயனற்றவை. ஏனென்றால் ஒன்றின் மேல் ஒன்று நிற்கிறது. வளையத்தில் கோத்த ஏடுகளில் நடு ஏடு போனால் எஞ்சியவற்றைப் படித்துப் பழையனூரின் எல்லையைக் கண்டுபிடிக்க முடியாது என்பதைப் போல.

சட்டம் இதில் பாதி தூரம் வந்திருக்கிறது. மின்னணு முறையில் கணக்கு வைக்கும் கம்பெனிகள் அதன் பேக்கப்பை இந்தியாவுக்குள் உள்ள சர்வரில் வைக்க வேண்டும் என்று கம்பெனிகள் கணக்கு விதிகள் சொல்கின்றன. ‘அவ்வப்போது’ என்று இருந்தது 2022 ஆகஸ்டில் ‘தினமும்’ என்று திருத்தப்பட்டது. கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதும் சட்டம். காக்களூரில் பங்குதாரர் முறையிலும் தனி உரிமையாளர் பெயரிலும் நடக்கும் கூடங்களை இந்தக் கம்பெனி விதி தொடாது. தொடும் இடத்திலும் எங்கே, எத்தனை நாளுக்கொருமுறை என்பதோடு அது நின்றுவிடுகிறது. எடுத்த படி திறக்கிறதா என்று பார்த்தாயா என்ற கேள்வியை அது கேட்பதில்லை.

விலகலைப் பற்றி இத்தனை சொன்னபின், அதற்கு எதிரான வலுவான வாதத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும். தள்ளி வைத்தால் தேவைப்படுபவருக்கு எட்டாமல் போகும். தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளுக்கு இதுவே நடந்தது. கல்வெட்டுத் துறை அலுவலகம் 1903இல் சென்னையிலிருந்து உதகைக்கும் 1966இல் மைசூருக்கும் போனது. மைப்படிகளும் கூடவே போயின. அவற்றில் சிலவற்றின் மூலக் கற்கள் இன்று இல்லை. திருப்பணி என்ற பெயரில் மணல் வீசித் தேய்க்கப்பட்டோ பெயர்க்கப்பட்டோ போய்விட்டன. மைப்படியே இப்போது மூலம். அவற்றைத் தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் பார்க்க மைசூருக்குப் போக வேண்டியிருந்தது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவற்றைச் சென்னைக்கு மாற்ற உத்தரவிடும் அளவுக்கு அந்தக் குறை முற்றியது. இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் விலகல் வேண்டாம் என்று அது நிறுவவில்லை. ஒரே ஒரு படியை மட்டும் வைத்து, அதையும் தொலைவில் வைத்தால் போதாது என்பதையே நிறுவுகிறது. எதிர்ப்பக்கத்தில் யாழ்ப்பாணம் இருக்கிறது. அங்கே எல்லாம் எட்டும் இடத்தில், ஊரின் நடுவில், வாசகர் கைக்குக் கிடைக்கும்படிதான் இருந்தது. 1981 மே 31 இரவு தொடங்கி எரிந்த பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் போயின. அச்சு நூல்களில் பெரும்பகுதியை உலகத்தில் வேறெங்காவது தேடி வாங்கிவிட முடிந்தது. வேறு படி இல்லாத சுவடிகளுக்கு அந்த வழி இல்லை; நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவற்றை யாரும் பார்க்கவில்லை, இனிப் பார்க்கவும் மாட்டார்கள். அதன் பிறகு 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம முயற்சி, ஈழத்துத் தாள்களைப் படம் பிடித்துப் பல நாடுகளிலிருந்தும் படிக்கும்படி செய்துவருகிறது. கைக்கு எட்டும் ஒரு படியும் நெருப்புக்கு எட்டாத ஒரு படியும் வேண்டும் என்று தெரிந்து செய்யும் வேலை அது.

காக்களூர் கூடத்துக்கு இந்த இரண்டும் எட்டாத உயரத்தில் இல்லை. அன்றாடம் கைதவறி அழிந்ததை ஐந்து நிமிடத்தில் மீட்க அலுவலகத்திலேயே ஒரு சேமிப்புப் பெட்டி. அதற்குள் எழுத பேக்கப் மென்பொருளுக்கு மட்டும் தனிப் பெயரும் தனி பாஸ்வேர்டும். கேபிளிலிருந்து கழன்று திருவள்ளூரிலோ ஆவடியிலோ ஒரு வீட்டில் இருக்கும் டிஸ்க் இன்னொன்று. க்ளவுடில் வைப்பதானால், குறிப்பிட்ட நாட்கள்வரை யாராலும் அழிக்க முடியாத பூட்டோடு மூன்றாவது. பல அலுவலகங்களில் பேக்கப்புக்கென்று ஒரு நீள நோட்டு இருக்கிறது. ஸ்கேலால் கோடு போட்டு ‘தேதி’, ‘எடுத்தவர்’, ‘கையெழுத்து’ என்று மூன்று கட்டம். அதில் இன்னும் இரண்டு கட்டங்கள் சேர்க்க இடம் இருக்கிறது: ‘வைத்த இடம்’, ‘திறந்து பார்த்த நாள்’. இரண்டாவது கட்டத்தை நிரப்ப, மாதம் ஒருமுறை பழைய டிஸ்க்கிலிருந்து போன ஆண்டு இன்வாய்ஸ் ஒன்றையும் ஒரு வரைபடத்தையும் வேறொரு கணினியில் ஏற்றி, தொகையும் அளவும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துத் தேதி போட வேண்டும். அரை மணி நேர வேலை. திருமழபாடியில் அதைச் செய்து முடிக்க 13 ஆண்டுகள் காத்திருந்தார்கள்.